ஏரும் ஏடும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இளைஞர் கடமை என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். அப்பொருள் கடல் போன்றது. ஆண்டுதோறும் இம்மேடையிலே பலர் அதனைப் பற்றி அழகுறப் பேசியிருக்கின்றனர், மலரிலும் எழுதியிருக்கின்றனர். ஆதலால் நாம் அக்கடலிலிருந்து ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிக்கொள்ள விரும்புகிறோம். உரமானியம் என்று நாம் அன்றாடம் சொல்லுகின்றோமே, அந்த ஒரு விஷயத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

ஆண்டு விழாவிலே உர மூடையைப் பற்றியா பேச்சு என்று சிலர் நகைக்கலாம். நமது பொத்துவிலிலே மாரி மழை ஒழுங்காகப் பெய்தால் வீடுகளில் கலியாணப் பேச்சு நடக்கும். மழை பிழைத்தால் அடகுக் கடையிலே நகை ஏறும். அடுப்பும் தாலியும் வயலை நம்பியிருக்கும் ஊரில், வயலைப் பற்றிப் பேசுவதற்கு எந்த மேடையும் தாழ்ந்ததன்று.

முதலில் எமது வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறர் குற்றம் பேசுவதற்கு முன் தன் குற்றம் பேசுவது முறையல்லவா?

எமது குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. தகப்பனார் காலஞ்சென்ற பின்னர் அதனை நாம் செய்வதில்லை. எமக்கு உத்தியோகம், தம்பி வெளிநாட்டில். எனவே வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். எடுத்துச் செய்பவர் நமது ஊர் முஸ்லிம் பெரியவர் ஒருவர். காக்கா என்றே நாம் சிறுவயது முதல் அழைத்து வருகிறோம். எழுத்து, கையொப்பம் எதுவுமில்லை; தகப்பனார் நாளிலிருந்து வாய்ச்சொல்தான். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லின் காசு தவறாமல் வீடு வந்து சேரும்.

2024ஆம் ஆண்டில் விதைத்த பெரும்போகத்தின்போது ஒரு மாலை காக்கா வீட்டுக்கு வந்தார். திண்ணையில் இருந்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், உரக் கடையிலே கடன் ஏறிவிட்டது, இரண்டாம் முறை யூரியா போடவேண்டிய நாள் கடந்துகொண்டிருக்கிறது, சிறிது பணம் கைமாற்றாகத் தந்தால் வெட்டு முடிந்ததும் தந்துவிடுவேன் என்றார்.

“மானியப் பணம் வந்திருக்குமே, காக்கா?” என்று கேட்டோம்.

அவர் எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, வயலும் உங்கட, புத்தகமும் உங்கட. காசு புத்தகத்தத் தேடித்தானே வரும்?” என்றார்.

அன்றிரவு வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். மூன்று ஏக்கருக்குரிய மானியம், ஏறக்குறைய 30,000 ரூபா, எமது கணக்கிலே விழுந்திருந்தது. எங்கிருந்தோ வந்த அரசாங்கப் பணம் என்று எண்ணி, அதிலே ஒரு பகுதியை வீட்டுக் கூரை வேலைக்குச் செலவும் செய்திருந்தோம். காக்கா கைமாற்றாகக் கேட்ட தொகை அதனிலும் குறைவு. அன்பர்களே, எம்மிடம் கடன் கேட்டு வந்தவருக்கு நாமே கடனாளியாய் இருந்தோம்! அதனை அறியாமல் திண்ணையிலே பெரிய மனிதர்போல் அமர்ந்திருந்தோம்.

நிற்க. இந்த உதவி எப்படி வந்தது, எவ்வழியே போகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலே நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் ஏற்பட்டது. விளைந்த நெல்லை அரசாங்கம் ஒரு நிச்சயமான விலைக்கு வாங்கிக்கொள்ளும். கமக்காரன் வியாபாரியின் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை என்பது அதன் நோக்கம். பின்னர் 1962ஆம் ஆண்டிலே உரமானியம் தொடங்கிற்று. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 போன்ற புதிய நெல்லினங்கள் அக்காலத்திலேதான் பரவின. நமது பாட்டன்மார் விதைத்த பழைய இனங்களுக்கு உரம் அதிகமானால் பயிர் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும். புதிய இனங்களோ உரத்தை உண்டு கதிராகத் திருப்பித் தந்தன. உரம் பட்டினத்திலிருந்து கப்பலிலே வரும் பொருள். கமக்காரன் கையிலே காசில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே மானியம் பிறந்தது.

அதன் பின்னர் அது பல கோலம் கொண்டது. 1990இல் நிறுத்தப்பட்டு 1994இல் மீண்டும் வந்தது. 2005இன் பின்னர் 50 கிலோ மூடை ஒன்று 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. 2016இல் மூடை நின்று பணம் வந்தது: நெல்லுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 25,000 ரூபா. 2018இல் மறுபடியும் மூடை, விலை 500 ரூபா. 2020இல் நெற்செய்கைக்கு உரம் இலவசம் என்றனர். 2021 மே மாதத்திலே இரசாயன உரம் இறக்குமதி செய்வதே தடுக்கப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரிலே நீக்கப்பட்டது. ஆயினும் அந்தப் போகத்துக்கு உரம் வந்து சேரவில்லை. நாடு முழுவதிலும் 2021இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 2022இல் சுமார் 34 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. 2022இல் இந்தியா கடனுதவியாகத் தந்த 65,000 தொன் யூரியா வந்த பின்னரே கமக்காரர் மூச்சுவிட்டனர். அதன் பின் பணமும் பற்றுச்சீட்டுமாக மானியம் திரும்பியது. 2024இன் பிற்பகுதியில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஏக்கர்க் கணக்கிலே சொன்னால் சற்றேறக்குறைய 10,000 ரூபா. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேயர் வரையே கிடைக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? மானியத்தின் உருவம் கொழும்பிலே தீர்மானமாகின்றது. அதன் பலன் வரம்பிலே தீர்மானமாகின்றது. மூடையாக வந்தபோது சில மூடைகள் வழியிலேயே வேறு கைக்குப் போயின. பல மூடைகள் காலந்தாழ்த்தி வந்தன. பணமாக வந்தால் கமக்காரன் தனக்கு வேண்டிய உரத்தைத் தானே தெரிந்து வாங்கலாம் என்றார்கள். அந்த நியாயம் நல்ல நியாயமே. ஆனால் மூடைக்கு வயலிலே வேலை உண்டு; பணத்துக்கோ எங்கும் வேலை உண்டு. அதனாலேதான் எமது வீட்டுக் கூரைக்கும் அதனால் ஏற முடிந்தது!

இனி, நமது வட்டைகளிலே இம்மானியம் எங்கெங்கே ஒழுகுகின்றது என்று பார்ப்போம். மூன்று இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பெயர். கமநல சேவை நிலையத்திலே காணிப் பதிவேடு இருக்கின்றது. கமக்காரர் அமைப்பு வழியாகப் பெயர்ப்பட்டியல் போகின்றது. பயிர் செய்பவனுக்கு உதவுவதே திட்டத்தின் நோக்கம். ஆனால் ஏட்டிலே காணிக்காரன் பெயர் மட்டும் இருந்து, குத்தகைக்குச் செய்பவன் பெயர் இல்லாதபோது, உதவி ஏட்டின் வழியே போய்விடுகின்றது. வெள்ளம் வந்து பயிர் அழிந்தால் வரும் காப்புறுதி நட்டஈட்டுக்கும் இதே கதைதான். சேற்றிலே நின்றவன் ஒருவன். நட்டஈடு பெறுபவன் மற்றொருவன்.

இரண்டாவது, காலம். கல்லோயாத் திட்டத்தின் நீர் அம்பாறை மாவட்டத்தின் பெரும்பகுதியைச் செழிக்கச் செய்தாலும் பொத்துவில் வரை அது எட்டுவதில்லை. நமது வயல்களிற் பெரும்பாலானவை மாரி மழையையும் சிறு குளங்களையும் நம்பி ஒரே போகம் விளைபவை. ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசி பங்குனியிலே வெட்டு. பயிருக்கு யூரியா வேண்டிய நாள் குறித்த நாள். குழந்தைக்குப் பால் வேண்டிய நேரம் போன்றது. பால் மாலையிலே வருகின்றது என்று சொன்னால் குழந்தை காலையிலே அழாதிருக்குமா? மானியம் பிந்தினால் கமக்காரன் உரக் கடையிலே கடன் எழுதுகின்றான். கடைக்காரனோ வெட்டு முடிந்ததும் நெல்லாகத் தா என்கின்றான். வெட்டு நாளிலே நெல் விலை வீழ்ந்திருக்கும். அப்போது, தை மாதத்திலே வந்து சேரும் மானியம் கடன் தீர்க்கவும் போதாது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று நம்மவர் சொல்லிவைத்தது சும்மாவன்று.

மூன்றாவது, பத்திரம். நமது பிரதேசத்திலே யுத்த காலத்தில் மக்கள் விட்டுவந்த வயல்கள் பல காடேறின. 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலே பெட்டியோடு உறுதியும் அனுமதிப் பத்திரமும் போன குடும்பங்கள் எத்தனை! காடேறிய காணிகளிற் சில பின்னர் வனமென்று எல்லையிடப்பட்டன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி இந்த வில்லங்கம் எல்லோரையும் பிடித்திருக்கின்றது. பத்திரமில்லாதவன் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவனுக்கு மானியமும் இல்லை. அவன் விதைக்கும் நெல் மட்டும் நாட்டின் விளைச்சற் கணக்கிலே சேர்கின்றது.

இம்மூன்றிலும் முதலாவதைப் பற்றியே இன்னும் சிறிது பேசவேண்டியிருக்கின்றது. ஏனெனில் மற்றிரண்டும் கச்சேரிக்கும் கொழும்புக்கும் போகவேண்டியவை. முதலாவதோ இந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கின்றது.

குத்தகைக்காரன் பெயரை ஏட்டிலே எழுதுவிக்கக் காணிக்காரர் ஏன் அஞ்சுகின்றனர்? அந்த அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1958ஆம் ஆண்டிலே, விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தனா அவர்கள் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக்குப் பயிர் செய்பவனைக் காணிக்காரன் நினைத்த நேரம் வெளியேற்றக் கூடாது. குத்தகைக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. கருத்து உயர்ந்தது. ஆனால் நடந்தது யாது? சட்டம் தம்மைப் பிடித்துவிடும் என்றெண்ணிக் காணிக்காரர் பலர் குத்தகைக்காரரை முந்தியே வெளியேற்றினர். நாடெங்கும் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் எழுந்தன. அன்று முதல், எழுத்தில்லாமல் வாய்ச்சொல்லால் குத்தகை விடுவதும், ஆண்டுக்காண்டு ஆளை மாற்றுவதும் வழக்கமாயின. 1979இலும் 2000இலும் வேறு சட்டங்கள் வந்தன. 2011இல் ஒரு திருத்தமும் வந்தது. ஆனாலும் ‘பெயர் எழுதினால் காணி போய்விடும்’ என்ற பயம் தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசமாக வந்துகொண்டேயிருக்கின்றது.

நாம் ஒருவரையும் பழிக்கவில்லை. தகப்பன் தேடிய காணியைக் காக்க நினைப்பது குற்றமாகாது. ஆனால் காணியைக் காப்பது வேறு. காணியைச் செய்பவனுடைய உரப் பணத்தை வைத்துக்கொள்வது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியிலே பூட்டிவைக்கின்றோம், அதுதான் பிழை.

இது நமக்கு மட்டும் உரிய பிழையென்று எண்ணவேண்டாம். அமெரிக்காவிலே 1933ஆம் ஆண்டிலே, பொருளாதார வீழ்ச்சியின்போது, பருத்திச் செய்கையைக் குறைத்துக்கொள்ளும் பண்ணைகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பணம் காணிக்காரர் கைக்குப் போயிற்று. குடிவாரக் கமக்காரருக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் கூறிற்று. பலர் அதனைக் கொடுக்கவில்லை. செய்கை குறைந்தமையால் அந்த ஏழைகளை வீட்டை விட்டும் வெளியேற்றினர். அப்போது 1934ஆம் ஆண்டிலே, ஆர்க்கன்சோ மாநிலத்தின் தைரொன்சா என்னும் சிற்றூரிலே, வெள்ளையரும் கறுப்பருமாகச் சிலர் கூடிக் குத்தகைக் கமக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே வாங்கிலே இரு நிறத்தவரும் அமர அஞ்சிய காலம் அது. வறுமை ஒன்றாயிருக்கும்போது சங்கம் இரண்டாயிருப்பது ஏன் என்று அவர்கள் எண்ணினார்கள். ஒரே வட்டையிலே, ஒரே வாய்க்கால் நீரிலே பயிர் செய்யும் தமிழரும் முஸ்லிம்களும் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

அயல்நாடாகிய இந்தியாவிலே 2019 முதல் கமக்காரக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபா மூன்று தவணையாக மத்திய அரசு கொடுக்கின்றது. காணி தம் பெயரில் உள்ளவர்களுக்கே அது கிடைக்கும். அங்கும் குத்தகைக்காரன் வெளியே நின்றான். ஆனால் ஒடிசா மாநிலம் 2018இன் இறுதியில் தொடங்கிய தன் திட்டத்திலே வாரத்துக்குப் பயிரிடுவோரையும் காணியற்ற தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. மனம் இருந்தால் ஏட்டிலே இடம் உண்டு என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

இளைஞர் சிலர் வேறொரு கேள்வி கேட்கின்றனர். “மானியம் என்பது பிச்சைதானே? கமக்காரனைக் கையேந்த வைப்பது ஏன்?” என்கின்றனர். அமெரிக்காவும் ஐரோப்பாவும் யப்பானும் தத்தம் கமக்காரருக்கு எத்தனையோ ஆண்டுகளாக உதவிப்பணம் கொடுத்து வருகின்றன. அங்கே எவரும் அதனைப் பிச்சை என்பதில்லை. சோறு உண்போர் அனைவரும் நெல் விளைவிப்போனுடைய நட்டத்திலே சிறிது பங்கெடுக்கின்றார்கள், அவ்வளவுதான். எனினும் மானியம் ஒன்றே போதும் என்றும் நாம் சொல்லமாட்டோம். மாரியிலே ஹெட ஓயா பெருக்கெடுத்துக் கடலிற் கலக்கின்றது. கோடையிலே நமது வயல் வெடித்துக் கிடக்கின்றது. தூர்ந்த குளம் ஒன்றைத் திருத்துவது பல ஆண்டு மானியத்துக்குச் சமம். அளவறியாது யூரியா கொட்டுவது மண்ணுக்குக் கேடு. மண் பரிசோதித்து, வேண்டிய அளவே இடவேண்டும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வைத்தியர் நாளை வருவார் என்பதற்காக இன்று கையிலுள்ள மருந்தை வேறொருவர் குடிப்பது நியாயமாகுமா?

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்லுவோம். இவை பெரிய காரியங்களல்ல.

காணிக்காரராகிய பெரியோர்களை மூன்று வேண்டுகிறோம். விதைப்புக்கு முன் கூடும் கமக்காரர் கூட்டத்திலே, இந்தப் போகம் இந்த வயலைச் செய்பவர் இன்னார் என்று வாயாற் சொல்லுங்கள். முடிந்தவர்கள் செய்பவர் பெயரைப் பதிவேட்டிலும் பதிவியுங்கள். இன்னும் மனம் துணியாதவர்கள், மானியம் உங்கள் கணக்கிலே விழுந்த அன்றே அதனைச் செய்பவர் கையிலே கொடுத்துவிடுங்கள். அல்லது குத்தகையிலே கழியுங்கள். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, மனச்சாட்சி போதும்.

இளைஞர்களை நான்கு வேண்டுகிறோம். ஆண்டுதோறும் பெரும்போகத்துக்கு முந்திய மாதத்திலே, வாரத்தில் ஒரு மாலை மன்ற மண்டபத்தின் கதவைத் திறந்துவையுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர், வங்கிக் கணக்கு இல்லாதவர், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டைத் தொலைத்தவர் எவர் வந்தாலும், எந்தச் சமயத்தவராயினும், அருகிருந்து எழுதிக் கொடுங்கள். இரண்டாவதாக, ஒரு கொப்பி வையுங்கள். விதைத்த திகதி, முதல் உரமிட்ட திகதி, மானியம் வந்த திகதி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வட்டைக்கும் எழுதி வாருங்கள். இரண்டு போகத்துக் கணக்கு கையிலே இருந்தால் நூறு மேடைப் பேச்சைவிட அது உரத்துப் பேசும். மூன்றாவதாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். பட்டியல் எப்படித் தயாராகின்றது, பணம் எப்போது விடுவிக்கப்பட்டது என்று பணிவோடும் முறையோடும் கேட்க அது வழிசெய்கின்றது. நான்காவதாக, பத்திரம் இழந்த முதியவர்களிடம் உள்ள பழைய வரிச்சீட்டு, அனுமதிப் பிரதி, சாட்சி விபரம் ஆகியவற்றை இப்போதே திரட்டி வையுங்கள். அந்த முதியவர்கள் போனால் அவர்களோடு எல்லையும் போய்விடும்.

எமது வீட்டுக் கதையின் மிகுதியைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மறுநாட் காலை பணத்தை எடுத்துக்கொண்டு காக்காவின் வாடிக்குப் போனோம். செலவழித்த பகுதியைக் கைப்பணத்தால் நிரப்பியிருந்தோம். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. “நான் கேட்டது கைமாத்து, தம்பி. இது கூடவா இருக்கு” என்றார். “இது உங்கள் காசு, காக்கா. நாங்கள்தான் கைமாற்றாக வைத்திருந்தோம்” என்றோம். அவர் சிரித்துவிட்டு, பெடியனை உரக் கடைக்கு அனுப்பினார். உரம் நாலைந்து நாள் பிந்தித்தான் விழுந்தது. அந்த வெட்டிலே அந்தப் பிந்தலும் தெரிந்தது. அதற்கு ஈடாகக் குத்தகையிலே சிறிது குறைத்தோம்.

பதிவேட்டிலே காக்காவின் பெயரை எழுதுவிக்கவேண்டும் என்றபோது எமது தமையனார் உடன்படவில்லை. “நாளைக்குக் காணி போனால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். அவருடைய கேள்வியிலும் நியாயம் உண்டு. பல நாள் பேசினோம். முடிவிலே, அடுத்த கூட்டத்துக்குத் தாமும் வந்து, செய்பவர் இன்னார் என்று எல்லோர் முன்னிலையிலும் தாமே சொல்வதாக ஒப்புக்கொண்டார். பதிவேடு பற்றி இன்னும் முழுமனதாக இணங்கவில்லை. இந்தச் சபையிலே அவரும் இருக்கின்றார். இப்போது தலையைக் குனிந்து கொண்டிருப்பவரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்!

பெரியோர்களே, இளைஞர்களே! ஏர் பிடித்தவன் பெயர் ஏட்டிலே ஏறும் நாள் ஒரே நாளில் வந்துவிடாது. ஆனால் அடுத்த மாரிக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. மழைக்கு முன் வரம்பு கட்டுவது நமது ஊர் வழக்கம். இந்த வரம்பையும் அதற்குள் கட்டிவிடுவோம்.